துணைக்குப் பிழை செய்தபின் அந்தக் குற்றவுணர்வை என்ன செய்வது

கலியாணம் கட்டியவருக்கோ கட்டப்போகிறவருக்கோ தெரியாமல் இன்னொருவரோடு பழகி, அது எல்லை தாண்டிப் போய், இப்போது நித்திரை வராமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏன் செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்கிற உரிமை உங்கள் வீட்டில் இருக்கிற ஒருவருக்குத்தான் உண்டு. பிழை இல்லை என்றும் சொல்லமாட்டேன், பிழைதான். ஆனால் பிழை செய்த ஆள் நாளைக்குக் காலையில் எழும்பி என்ன செய்யவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒன்றில் மூடி மறைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் காறித் துப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் அவசரமானவை

செத்துப்போனால் நல்லது என்ற யோசனை வருகிறதென்றால் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம், இப்போதே 1926 க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். நேரே போகக்கூடியவர்கள் பெரியாஸ்பத்திரி என்கிற யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ போய் மனநலப் பிரிவில் காட்டலாம். என்ன நடந்தது என்ற முழுக்கதையையும் சொல்லவேண்டியதில்லை, சாகவேணும் போல இருக்கிறது என்ற ஒரு வசனம் போதும். தனியே இருக்கவேண்டாம்.

அடுத்தது, அந்தத் தொடர்பு முடிந்துவிட்டதா? உண்மையாகவே முடிந்ததா, அல்லது இப்போதைக்குக் கதைக்காமல் இருக்கிறீர்களா? தொடர்பு ஓடிக்கொண்டிருக்கும்போது குற்றவுணர்வைக் குறைக்க நீங்கள் என்ன செய்தாலும் அது ஒரு நாளும் குறையாது, குறையவும் கூடாது. முடிப்பதற்கு ஒரு மெசேஜ் காணும்: இது இத்தோடு முடிகிறது, இனித் தொடர்புகொள்ளமாட்டேன், நீங்களும் கொள்ளவேண்டாம். கடைசியாக ஒருக்கால் நேரில் சந்தித்து விளங்கப்படுத்துகிறேன் என்று போகிற சந்திப்புத்தான் பல பேருக்கு மறுபடி தொடங்கிய இடம். அந்த ஆளைத் திட்டவும் வேண்டாம், அவரும் ஒரு மனிதர், அவரும் நம்பியிருப்பார். ஒரே கந்தோரில், ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் வேலை விசயம் மட்டும், மற்ற ஆட்களுக்கு முன்னால் மட்டும் கதைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இடமாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள். படம், வீடியோ வைத்திருக்கிறேன் என்று அவர் மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடமோ பொலிசிடமோ போங்கள்.

மூன்றாவது உடம்பு. உங்கள் துணையோடு மறுபடி சேர்வதற்கு முன் பரிசோதியுங்கள், இதில் தவணை சொல்ல இடமில்லை. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற பயம் இருந்து, உறவு நடந்து 72 மணித்தியாலம் தாண்டவில்லை என்றால், தொற்றைத் தடுக்கிற மருந்து இருக்கிறது, 28 நாள் எடுக்கவேண்டும், உடனே போங்கள். அந்த நேரம் கடந்திருந்தால் ஆய்வுகூடத்தில் செய்கிற புதிய வகை இரத்தப் பரிசோதனை 45 நாளுக்குப் பிறகும், விரலில் குத்திப் பார்க்கிற உடனடிப் பரிசோதனை 90 நாளுக்குப் பிறகும்தான் உறுதியான பதில் தரும். அதற்கு முன் வருகிற நல்ல முடிவை நம்பி இருந்துவிடாதீர்கள். அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதெல்லாம் இலவசம், பெயர் விபரம் வெளியில் போகாது. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் வவுனியாவிலோ கொழும்பிலோ காட்டுங்கள். போகாமல் மட்டும் விடாதீர்கள்.

வலி இரண்டு

இனித்தான் முக்கியமான இடம். உங்களுக்குள் இரண்டு வேறு வலி கிடக்கிறது, இரண்டும் ஒரே மாதிரிக் குத்துவதால் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அவருக்குச் செய்தது பிழை என்பது ஒன்று. நான் ஒரு கெட்ட பிறவி, தெரிய வந்தால் சனத்தின் முகத்தில் முழிக்கேலாது என்பது மற்றது. உளவியலில் இவற்றைக் குற்றவுணர்வு, அவமானவுணர்வு என்று பிரித்துத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971 இலேயே இந்த வித்தியாசத்தை விரிவாக எழுதினார், பிறகு ஜூன் டாங்னி போன்றவர்கள் நீண்டகாலம் ஆராய்ந்து பார்த்ததிலும் குற்றவுணர்வு மனிதரை ஈடுசெய்யத் தள்ளுகிறது, அவமானவுணர்வு ஒளிக்கவும் மறுக்கவும் மற்றவரில் எரிந்து விழவும் தள்ளுகிறது என்றுதான் வந்தது. வீட்டிலேயே இதைக் கவனிக்கலாம். பிழை செய்துவிட்டு வந்த ஆள் ஏன் சம்பலுக்கு உப்புக் கூட என்று மனைவியோடு சண்டை பிடிக்கிறார்? ஏன் கணவர் அன்பாக ஏதும் வாங்கி வந்தால் கூட ஒருத்திக்கு எரிச்சல் வருகிறது? அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் கேவலம் தெரிகிறது, அதனால் அந்த முகத்தையே வெறுக்கத் தொடங்குகிறார்கள். உங்களுக்கும் இது நடந்துகொண்டிருந்தால் இன்றைக்கே நிற்பாட்டவேண்டும், ஏனென்றால் உங்கள் துணை முதல் காயம் இருப்பதே தெரியாமல் இரண்டாவது காயத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி. ஒரு கொப்பியை எடுத்து, இந்த விசயம் ஒருநாளும் ஒருவருக்கும் தெரிய வராது என்று வைத்துக்கொண்டு, அப்போதும் எதெது வலிக்கிறது என்று எழுதுங்கள். அம்மா அப்பாவின் மானம், ஒழுங்கை முழுக்க விடுப்புக் கதைக்கும் என்ற பயம், தங்கச்சியின் கலியாணம் குழம்புமே என்ற யோசனை, இதெல்லாம் அப்போது கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது சின்னச் சின்னதாக இருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் தாய்க்குத் துணையாக நின்ற இரவு ஓவர்டைம் என்று பொய் சொன்னது. பிள்ளையின் பிறந்தநாள் கேக் வெட்டுகிறபோது போனைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவைதான் உண்மையாக ஈடுசெய்யவேண்டிய விசயங்கள். எழுதியதை வாசித்து முடித்ததும் கிழித்து எரித்துவிடுங்கள், பிள்ளைகளின் கையில் அகப்படக் கூடாது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இங்கே ஒரே தராசு இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆண் செய்தால் கொஞ்ச நாள் கதைத்துவிட்டுச் சனம் மறந்துவிடும், பெண் செய்தால் அவள் செத்த வீட்டிலும் அந்தக் கதை வரும். இந்த அநியாயத்தால் ஆண்கள் தங்கள் குற்றத்தை உள்ளதைவிடச் சின்னதாக எண்ணிக்கொள்கிறார்கள், பெண்கள் செய்ததைவிடப் பல மடங்கு தண்டனையைத் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஆண் என்றால் கொப்பியில் எழுதியதை இன்னொருக்கால் வாசியுங்கள். பெண் என்றால், ஊர் சொல்லக்கூடிய சொற்களை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், அந்தச் சொற்கள் உங்கள் துணையின் காயத்தை ஒரு துளியும் ஆற்றாது.

விரதமும் பாவசங்கீர்த்தனமும்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் விரதம் இருந்து, வெறும் மேலோடு சுடுமணலில் அங்கப்பிரதட்டை செய்து, காவடி எடுத்து, அதோடு மனம் இறங்கி ஆறியவர்கள் இருக்கிறார்கள். குருநகர்ப் பக்கம் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கண்ணீரோடு வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குருவானவர் கேட்டதை ஒருவருக்கும் சொல்லமாட்டார் என்பது பெரிய ஆறுதல்தான். செய்யுங்கள். கடவுளோடு உங்களுக்கு இருக்கிற கணக்கு அது. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் வீட்டுக்கு வந்து மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரு கதை கதைப்பதில்லை என்றால், அவளுக்கு அந்த விரதத்தால் கிடைத்தது என்ன, அவருக்கு மரக்கறி தனியாகச் சமைக்கிற வேலைதானே. உடம்பை வருத்துவதை ஈடுசெய்தல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குற்றவுணர்வின் சூட்டில் காணி, வீடு, நகை என்று எழுதிக் கொடுக்க ஓடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். நொத்தாரிசிடம் போவதற்கு முன் குறைந்தது சில மாதம் பொறுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கங்களைச் சொல்கிற தேசவழமைச் சட்டம் 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்ததிலிருந்து இன்றுவரை நம் காணி விசயங்கள் சிக்கலானவைதான், சீதனக் காணி, கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடிய தேட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. அழுதுகொண்டு வைத்த கையெழுத்தைப் பிறகு தெளிந்து யோசிக்கும்போது மாற்றுவது லேசில்லை. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் தெளிந்த மனதோடு கொடுக்கலாம்.

சொல்வதா, விடுவதா

எல்லாருக்கும் பொருந்துகிற பதில் இதற்கு இல்லை. ஆனால் சில இடங்களில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. துணை நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். நோய்த் தொற்று வந்திருக்கலாம், ஒரு பிள்ளை உண்டாகியிருக்கலாம் என்றால் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்றாலும் சொல்லுங்கள், ஏனென்றால் சுன்னாகத்தில் நடந்தது சாவகச்சேரிக்கு வருவதற்கு முன் ரொறன்ரோவுக்குப் போய்விடும், அங்கிருந்து சகலனோ மாமியோ வட்ஸ்அப்பில் சொல்லி உங்கள் துணை அறிவதைவிடக் கொடுமை வேறில்லை. இன்னும் கலியாணம் நடக்கவில்லை, பதிவு எழுத்து மட்டும் முடிந்திருக்கிறது என்றாலும் என் அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்பதுதான், மற்றவர் தன் வாழ்க்கையை முடிவெடுக்கப்போகிறார், தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

சொல்லக்கூடாத நேரமும் உண்டு. உங்கள் துணை முன்பு அடித்திருக்கிறார், குடித்தால் கை நீட்டுவார் என்றால் தனியே இருக்கும்போது சொல்லவேண்டாம், முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். நீங்கள் பிழை செய்தவர் என்பதால் உங்களை அடிக்க ஒருவருக்கும் உரிமை வந்துவிடாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வெறுமனே உங்கள் நெஞ்சுப் பாரத்தை இறக்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, துணை உழைக்கமுடியாமல் நோயில் கிடக்கிறபோதோ ஒரு சாவீடு முடிந்து அந்தியேட்டியும் ஆகாத நேரத்திலோ கொண்டுபோய்க் கொட்டுவதும் கூடாது.

சொல்வதென்று முடிவெடுத்தால் ஒரே தரத்தில் சொல்லுங்கள். இன்றைக்குக் கொஞ்சம், அவர் கண்டுபிடித்தபிறகு அடுத்த கிழமை கொஞ்சம் என்று சொன்னால் ஒவ்வொரு தரமும் அது புதுத் துரோகம், பிறகு நீங்கள் சொல்கிற உண்மையையும் அவர் நம்பமாட்டார். பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் நிற்கிற ஒரு பகல் பாருங்கள், இரவு படுக்கப்போகிற நேரம் வேண்டாம். துணை வெளிநாட்டில் என்றால் மெசேஜில் எழுதாதீர்கள், வீடியோ அழைப்பில் சொல்லுங்கள், அவர் வேலையிலோ வாகனம் ஓட்டிக்கொண்டோ இல்லை என்று பார்த்து, அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் போய் நிற்க நம்பிக்கையான ஒரு ஆள் இருக்கிறதா என்றும் யோசித்து வையுங்கள். சொல்கிற வசனம் எளிமையாக இருக்கட்டும்: "இஞ்சாரும், நான் உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். நான் இன்னொரு ஆளோட தொடர்பில இருந்தனான். தை மாசம் துவங்கி ஆடி மட்டும். இப்ப முடிச்சிட்டன். உம்மில ஒரு பிழையும் இல்லை. நீர் என்ன கேட்டாலும் பதில் சொல்லுவன்." பெண் சொல்வதென்றாலும் இதேதான், நீங்கள் என்று மாறும், அவ்வளவுதான். யார், எப்போது, எவ்வளவு காலம், முடிந்ததா, வேறு ஆருக்குத் தெரியும் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். படுக்கையில் என்ன நடந்தது என்ற விபரத்தைக் கேட்டாலும், அதைச் சொன்னால் அந்தக் காட்சி உம்முடைய மனதை விட்டுப் போகாது, ஒரு நாள் பொறுத்தும் கேட்கவேணும் போல இருந்தால் அப்போது சொல்லுகிறேன் என்று சொல்லுங்கள்.

பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி கண்ணகை அம்மனுக்குப் பொங்கி வருகிற நமக்குக் கோவலன் கதை தெரியும். ஆனால் அவன் திரும்பி வந்து கண்ணகியிடம் முதலில் சொன்னது என்னவென்று கவனித்தவர்கள் குறைவு. பொய்க்காரி ஒருத்தியோடு கூடித் திரிந்தேன், முன்னோர் தேடிய செல்வமெல்லாம் கரைந்தது, இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றுதான் சொன்னான். மாதவியில் பழி, காசு போன கவலை, தன் வெட்கம். கண்ணகி பட்டது அந்தப் பேச்சில் இல்லை. காசில்லாமல்தான் கலங்குகிறார் என்று விளங்கிக்கொண்டு அவளும் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். மதுரையில், கடைசி நாளில், அவள் சமைத்ததைச் சாப்பிட்ட பிறகுதான் தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதில் தவறினேன், உனக்குச் சிறுமை செய்தேன் என்று அவன் வாயில் வந்தது. அப்போதுதான் அவளும் வாய் திறந்து, நீங்கள் நடந்தது நல்ல நடத்தை இல்லை என்றாள். அவ்வளவு காலமும் அவள் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள். உங்கள் துணை பேசாமல் இருக்கிறார், பரவாயில்லை என்கிறார் என்றால் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் இன்னும் முதலாவது பேச்சிலேயே நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

பிறகு வருகிற மாதங்கள்

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்பார், விடிய மூன்று மணிக்கு எழுப்பிக் கேட்பார், கொஞ்ச நாள் நல்லாக இருந்துவிட்டுத் திருவிழாவுக்குப் போன இடத்தில் முகம் மாறி அழுவார். எத்தனை தரம் சொல்வது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தரமும் அதே பதிலை, அதே பொறுமையோடு சொல்லவேண்டும், பதில் மாறுகிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். போனைக் கேட்டால் கொடுங்கள், பிந்தினால் முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள், இதை மாதக்கணக்கில் செய்யவேண்டி வரும். மன்னிப்பைக் கேட்கலாம், தவணை வைத்துக் கேட்கக்கூடாது. தாய், மாமி, மச்சாள் என்று பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் இருவரும் சமாதானமான பிறகும் அவர்கள் பத்து வருசம் அந்தக் கோபத்தைக் காவித் திரிவார்கள். கதைக்க மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையம் இருக்கிறது.

நான் யார் என்ற கேள்வி

இத்தனை நாளும் நல்ல பிள்ளை, நல்ல ரீச்சர், நல்ல தகப்பன் என்று இருந்துவிட்டு, அதெல்லாம் வேசமா என்று கேட்கிறீர்கள். வேசம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவு விடியவிடிய முழித்திருந்ததும் நீங்கள்தான், அந்த மெசேஜ் அனுப்பியதும் நீங்கள்தான். அது நான் இல்லை, ஏதோ புத்தி கெட்டுப்போச்சு என்று தள்ளி வைத்தால் அடுத்த தரமும் புத்தி கெடும். நான் அதுமட்டும்தான் என்று ஒடிந்துபோனால் திருந்த ஆள் மிஞ்சாது.

ஆகவே மறுபடி கொப்பியை எடுங்கள். இந்தமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை, திரும்பி வந்திருக்கக்கூடிய இடங்களை வரிசையாக எழுதுங்கள். போனை முதல்முறை கவிழ்த்து வைத்த நாள். அவருடைய இலக்கத்தை வேறு பெயரில் போட்டு வைத்த நாள். யாரும் கேட்காமலே, நாங்கள் சும்மா பிரெண்ட்ஸ்தான் என்று சொன்ன நாள். வீட்டில் நடந்த சண்டையைத் துணையோடு தீர்க்காமல் அந்த ஆளிடம் போய்ச் சொன்ன நாள். எழுதி முடித்துப் பார்த்தால், கட்டுப்படுத்தமுடியாமல் நடந்தது என்று நினைத்தது எத்தனை தரம் தெரிந்து எடுத்த முடிவு என்று தெரியும். கசக்கும். அதேநேரம் அடுத்த தரம் எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்றும் அதிலேயே இருக்கும்.

காரணம் தேடுவது பிழை இல்லை. நம்மிடத்தில் பெரிய காரணம் தூரம். வெளிநாட்டில் இருக்கிற துணையிடம் போக ஸ்பொன்சர் சரிவரும் என்று வருசக்கணக்கில் காத்திருக்கிறவர்கள், கட்டாருக்குப் போய் இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் வருகிறவர்கள், கலியாணம் கட்டியும் ஒரு மாதம் சேர்ந்து வாழாதவர்கள். தொட்டுக் கதைக்க ஒரு ஆள் இல்லாத தனிமை மெய்தான். ஆனால் அங்கே நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு இரண்டு வேலை செய்கிற மற்றவருக்கும் அதே தனிமைதான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு அந்தக் காரணத்துக்கு மருந்து பாருங்கள்: தூரம் என்றால் எப்போது சேர்ந்து வாழப்போகிறோம் என்று இருவரும் ஒரு திகதி கதையுங்கள், வீட்டில் கதை இல்லை என்றால் இரவு அரை மணித்தியாலம் போன் இல்லாமல் இருந்து கதையுங்கள், குடிதான் காரணம் என்றால் குடியை விடுங்கள்.

பிரிந்து போனால்

எல்லாம் செய்தும் அவர் உங்களோடு வாழமுடியாது என்று சொல்லலாம். அது அவருடைய உரிமை. இலங்கையில் இந்தத் தொடர்பு சிறைக்குப் போகிற குற்றம் இல்லை, பொலிசில் பிடித்துக் கொடுப்பேன் என்று யாரும் மிரட்டினால் பயப்படத் தேவையில்லை. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்கச் சட்டம் ஏற்றுக்கொள்கிற மூன்று காரணங்களில் இதுவும் ஒன்று. வழக்கு வந்தால் இழுத்தடிக்காதீர்கள், அவருடைய குணத்தைப் பற்றி நீதிமன்றத்தில் ஒன்றும் கட்டிச் சொல்லாதீர்கள், பிள்ளைகளின் செலவைக் கேட்பதற்கு முன் கொடுங்கள். பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற அளவில், அம்மாவில் பிழையில்லை, அல்லது அப்பாவில் பிழையில்லை, நான்தான் பிழை விட்டேன் என்று நீங்களே சொல்லுங்கள். ஊரில் யாராவது வந்து, அவளும் சரியில்லைத்தானே என்று உங்களுக்கு ஆறுதலாகக் கதை எடுத்தால், இல்லை, அவள் சரியாகத்தான் இருந்தவள் என்று சொல்லிவிட்டு வேறு கதைக்கு மாறுங்கள்.